தினமும் முகத்தில் ஐஸ்: கன்னத்தில் கருப்பு விழுந்துவிட்டது, தொடரலாமா?

#1 வெண்ணிலா_வேலூர்

எல்லோருக்கும் வணக்கம். வைகாசியில் எனக்குக் கல்யாணம், இன்னும் 47 நாள் இருக்கிறது. ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து முகத்தில் தேய்த்து வருகிறேன். துணி எதுவும் சுற்றுவதில்லை. பத்து நிமிடம் கணக்கு. ஃபோனைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பதால் சில நாள் கூடவும் போயிருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் அப்படி ஒரு பளிச். வாயைத் திறந்து யாரையும் பாராட்டாத என் பெரியம்மாவே "என்னடி போடுற?" என்று கேட்டார்.

இப்போதுதான் பிரச்சினை. இடது கன்ன எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து, தோல் உரிந்து, காப்பிக் கறை மாதிரி கருத்து நிற்கிறது. மற்ற இடமெல்லாம் மதியம் ஆனால் குப்பென்று சிவந்து எரிகிறது. அப்போது மறுபடி ஐஸ் வைத்தால்தான் அடங்குகிறது. ஆக இப்போது மூன்று வேளையும், சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடுகிற மாதிரி.

பெரியம்மா "தலையில் நீர் கோத்துக்கும், விட்டுத் தொலை" என்கிறார். கல்யாணம் வரை தொடரலாமா? கருத்த இடத்திலும் ஐஸ் வைத்தால் அது போகுமா?

#2 சும்மா_வந்தவன்

தோல் உரிந்த இடத்தில் மறுபடியும் ஐஸா? முதலில் அந்த ட்ரேயைக் கவிழ்த்து வையுங்கள் தாயே. அப்புறம் பேசலாம்.

#3 கற்றாழைக்_கண்ணம்மா

வெறும் தண்ணீர் ஐஸ் வைத்தால் அப்படித்தான். நான் மூன்று வருடமாக வைக்கிறேன், ஒரு குறையும் இல்லை. வெள்ளரிச் சாறு, கற்றாழைச் சோறு, கொஞ்சம் பன்னீர் மூன்றையும் அடித்து ட்ரேயில் ஊற்றி உறையவிடுங்கள். துளைகள் மூடிக்கொள்ளும், பரு வராது, சுருக்கம் எட்டிப் பார்க்காது. கருத்த இடத்துக்கு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து அதையும் ஐஸாக்கித் தேயுங்கள். கல்யாணத்துக்குள் போய்விடும். பயப்படாதீர்கள்.

#4 ஓய்வுபெற்ற_வாத்தி

அழகுக் குறிப்புகளுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. என் மகள் இந்த இழையை அனுப்பி "அப்பா, நீங்கள் பேசவேண்டிய இடம்" என்றாள். முப்பது வருடம் இயற்பியல் எடுத்தவன் என்ற முறையில் ஐஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐஸ் என்றாலே 0 டிகிரி என்று மனதில் ஏறிவிட்டது. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்தான் 0 டிகிரி. வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18-இல் இருக்கும். அதிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டியும் ஏறக்குறைய அந்தக் குளிரில்தான் இருக்கும். ஈரக் கையால் ட்ரேயைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறதே, ஏன்? விரலில் உள்ள ஈரமே உறைந்து பசையாகிவிடுகிறது. அதே கட்டியை முகம் கழுவிய ஈரத்தோடு கன்னத்தில் அழுத்தினால் கன்னத்திலும் அதுதான் நடக்கும். வெடுக்கென்று இழுத்தால் மேல்தோல் கூடவே வரும்.

இன்னொன்று உள்ளுறை வெப்பம். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். ஒரு கிராம் ஐஸ் உருகவே 80 கலோரி வெப்பம் வேண்டும். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் முகத்தோலின் சூட்டுக்கு, அதாவது சுமார் 33 டிகிரிக்கு வர 33 கலோரி போதும். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவதும் ஐஸ் தேய்ப்பதும் ஒன்றல்ல என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அந்த 80 கலோரியும் உங்கள் கன்னத்திலிருந்துதான் போகிறது அம்மா. கன்ன எலும்பின் மேல் சதையும் குறைவு. நாணயம் அளவுக்கு அங்கே புண்ணானதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

யாராவது உப்புப் போட்டு உறையவைத்துப் பாருங்கள் என்று சொல்லக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் மைனஸ் 20 வரை இறங்கும். குல்ஃபிக்காரர் பானையில் உப்பும் ஐஸும் கொட்டுவது அதற்காகத்தான். பாலை உறையவைக்கிற கலவை முகத்துக்கு எதற்கு?

#5 பார்லர்_அக்கா_மதுரை

கண்ணம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த எலுமிச்சம்பழ வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்பளித்துப் பிறகு கருத்துப்போகும். வேலூர் வெயில் வேறு. ஏற்கெனவே உரிந்த தோலில் அதை வைத்தால் நாணயம் அளவு இருப்பது அப்பளம் அளவுக்கு ஆகிவிடும். ஜூஸ் பிழிந்த கையோடு வெயிலில் நின்று, விரல் தடம் விரல் தடமாகக் கருத்த கைகளைப் பார்த்திருக்கிறேன்.

துளை மூடும் என்பதும் கதைதான். அதற்கென்ன கதவா இருக்கிறது? திறந்து மூடத் தசையே கிடையாது. குளிரில் சுற்றியுள்ள தோல் இறுகி, துளை சிறுத்த மாதிரி தெரியும். அரை மணியில் பழைய கதை.

நான் 19 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஐஸ் இல்லாமல் என் பெட்டி கிளம்பாது. நான் ஐஸுக்கு எதிரி இல்லை. முகூர்த்தம் நாலரை ஆறு என்றால் பெண்ணை இரண்டு மணிக்கு உட்காரவைக்க வேண்டும். முந்தின நாள் ரிசப்ஷன், பந்தியில் உப்பும் புளிப்புமாகச் சாப்பாடு, போய்ப் படுத்தது பன்னிரண்டு மணி, நடுவில் ஒரு அழுகை. கண் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். அப்போது மல் துணியில் ஐஸைச் சுற்றி, துணி ஈரமான பிறகு, ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே ஒன்றரை நிமிடம், கூடிப்போனால் இரண்டு. அவ்வளவுதான். உப்பல் கொஞ்சம் அமுங்கும், வியர்வை கொஞ்ச நேரம் தள்ளிப்போகும். துடைத்துக் காயவிட்டுத்தான் மேக்கப். புருவம் திரெட்டிங் செய்த பிறகும் சிவப்பு அடங்க இப்படித்தான் வைப்போம்.

அது அன்றைக்கு ஒரு நாள் வேலைக்கு. அதைத் தினப்படி பூஜையாக்கினது யூட்யூப்.

#6 கற்றாழைக்_கண்ணம்மா

எலுமிச்சை எனக்கு எதுவும் செய்யவில்லை, நான் வெயிலில் போவதில்லை என்பதாலோ என்னவோ. சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஐஸ் எல்லாம் நம் பாட்டிமார் காலத்திலிருந்து வருகிற வைத்தியம்தானே? அதற்கு எதற்கு இத்தனை பயமுறுத்தல்?

#7 சும்மா_வந்தவன்

எந்தப் பாட்டி? என் பாட்டி வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்ததே 1994-இல். அதிலும் ஃப்ரீசரைத் தொட்டால் அடி விழும். பாட்டி முகத்துக்குப் போட்டது பயத்தம் மாவு.

#8 ஐஸ்ஹவுஸ்_காரன்

பாட்டி காலம் என்று வந்ததால் ஒரு கிளைக்கதை, மன்னிக்கவும். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, எங்கள் ஏரியாவுக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர் வந்ததே அந்தக் கட்டடத்தால்தான். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஃப்ரெடெரிக் டியூடர் என்பவரின் வியாபாரம். 1833-இல் கல்கத்தாவுக்கு வந்தது, 1842-இல் சென்னையில் இந்தக் கிடங்கைக் கட்டினார்கள். அதில் நம் பாட்டிகள் முகம் தேய்த்திருக்க வாய்ப்பில்லை. வெள்ளைக்காரர்கள் கிளாஸில் போட்டுக் குடிக்கவே அது வந்தது.

இன்னொன்று, ஐஸ் பார் வாங்கி உடைத்துத் தேய்க்கலாம் என்று யாருக்காவது யோசனை போனால்: மீனுக்கும் பிணத்துக்கும் வைக்கிற ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று சொல்ல முடியாது. சாப்பிடக்கூடாத ஐஸ் தனியாகத் தெரியவேண்டும் என்று நீலச் சாயம் கலக்கச் சொல்லி 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது.

#9 இரவுப்பணி_நர்ஸ்

ட்யூட்டி முடிந்து இப்போதுதான் முழு இழையையும் படித்தேன். வெண்ணிலா பார்த்த பளிச் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. குளிர் பட்டதும் தோலுக்கடியில் உள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கும். எடுத்ததும் விரியும், ரத்தம் வேகமாகத் திரும்பி வரும். அந்த ரத்த ஓட்டம்தான் பளபளப்பு. வெட்கப்பட்டாலும் ஓடிவிட்டு வந்தாலும் முகம் அப்படித்தான் இருக்கும். தோலில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. சுருக்கத்தை நிறுத்துவதும் இல்லை.

காலை உப்பலும் அப்படியே. படுத்திருக்கும்போது கண்ணைச் சுற்றி நீர் தேங்கும், எழுந்து நடமாடினாலே வடியும். ஐஸ் அதைச் சற்று அவசரப்படுத்தும். ஆனால் தினமும் முகம் உப்பியே எழுந்தால், காலும் வீங்கினால், ஐஸைத் தேடாமல் சிறுநீர், தைராய்டு பரிசோதனைக்குப் போங்கள். உப்பலை மூன்று மாதம் ஐஸ் வைத்து மறைத்துவிட்டுக் கடைசியில் வார்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பருவுக்கு: உள்ளே கட்டியாக வலிக்கிற பருவில் துணியில் சுற்றி ஒரு நிமிடம் வைத்தால் வலியும் வீக்கமும் குறையும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். பரு போக பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் என்று வேறு மருந்து இருக்கிறது.

முகத்தில் வைக்கிற குளிர் முகத்தோடு நிற்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். கைக்குழந்தைக்கு இதயம் தாறுமாறாக ஓடும் ஒரு வகைப் படபடப்பு வந்தால், எமர்ஜென்சியில் ஐஸ் பையை முகத்தில் சில நொடி வைப்பார்கள். முகத்து நரம்பு வழியாகச் செய்தி போய் இதயம் வேகத்தைக் குறைக்கும். தண்ணீரில் முங்கும்போது எல்லா உடம்பிலும் நடப்பதுதான். பெரியவர்களுக்கும் இது உண்டு. ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தை அமிழ்த்தும் வீடியோக்களைப் பார்த்து, ஏற்கெனவே துடிப்பு குறைவாக உள்ளவர்களோ இதய மாத்திரை எடுப்பவர்களோ செய்து மயங்கி விழக்கூடாது. ஒற்றைத் தலைவலிக்காரர்களில் சிலருக்கும் இது ஒத்துக்கொள்ளாது.

கேட்காமலே ஒன்று: தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தால் உடனே ஃப்ரீசருக்கு ஓடாதீர்கள். குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். வெந்த தோலில் ஐஸ் வைத்தால் காயம் இன்னும் ஆழமாகும்.

#10 வேகப்பந்து_வினோத்

நர்ஸ் அக்கா சொன்னது சரி. வீக்கத்துக்கு ஐஸ் என்பதே கிரிக்கெட்டில் எங்களுக்கு வேதம். அந்த ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் சூத்திரத்தை 1978-இல் எழுதிய கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவரே பல வருடம் கழித்து, ஐஸ் வலியைக் குறைக்கும், ஆனால் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். கணுக்காலுக்கே இந்தக் கதி.

#11 டொராண்டோ_தவம்

பிள்ளைகள், நான் கனடாவில் இருக்கிறன். எனக்கு ஐஸ் என்றாலே ஒவ்வாமை, பகிடி இல்லை. முதல் பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கேக்க கன்னம், காது எல்லாம் தடிச்சுப் போகும். புது நாடு, புதுச் சவர்க்காரம், அதுதான் என்று நினைச்சுக்கொண்டிருந்தன். பிறகு ஒருநாள் தலை சுத்தி விழப்போக, டொக்டர் முழங்கைக்குக் கீழே ஒரு ஐஸ் கட்டியை பையில் போட்டு ஐந்து நிமிஷம் வச்சார். எடுத்துப் பத்து நிமிஷத்தில் அந்தக் கட்டியின் வடிவிலேயே தோல் எழும்பி நிண்டது. குளிர் தடிப்பு என்று சொன்னார். இந்த வருத்தம் உள்ளவை குளிர்ந்த ஏரியில் குதிச்சால் உயிருக்கே ஆபத்து.

முகத்தில் வைக்கிறதுக்கு முதல் கையில் வச்சுப் பாருங்கோ. எடுத்தாப்பிறகு தடிச்சால் அதோட விட்டிடுங்கோ.

#12 இரட்டைத்தாடை

ஒரு சந்தேகம். கன்னம் ஒடுங்கவும் தாடைக்கடியில் தொங்குவது குறையவும் ஐஸ் வைக்கலாமா? குளிரால் கொழுப்பைக் கரைக்கும் மெஷின் க்ளினிக்குகளில் இருக்கிறதாமே. வீட்டிலேயே செய்தால் என்ன?

#13 ஓய்வுபெற்ற_வாத்தி

இதற்கும் நானே வருகிறேன். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் உறையாமல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். பச்சைக் குழந்தைகளின் கன்னக் கொழுப்பும் கொஞ்சம் அந்த ஜாதி என்று படித்திருக்கிறேன். பெரியவர்களுடையது அவ்வளவு சுலபத்தில் உறையாது.

#14 இரவுப்பணி_நர்ஸ்

சார் சரியான இடத்தைத் தொட்டார். குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துக் கன்னம் சிவந்து கல் மாதிரி ஆகும். 1970-இலேயே இதைக் குச்சி ஐஸ் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பெற்றோர் அலறியடித்துக்கொண்டு வருவார்கள், சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். குளிர் கொழுப்பைத் தாக்கும் என்ற அந்தக் கவனிப்பிலிருந்துதான் நீங்கள் சொல்லும் மெஷினும் பிறந்தது. அமெரிக்காவில் 2010-இல் அனுமதி கிடைத்தது. அது சூட்டை அளந்து, தோலுக்குத் தனியாகப் பாதுகாப்பு வைத்து, நேரம் பார்த்து நிறுத்துகிற கருவி. ஐஸ் ட்ரேயில் அந்தக் கொழுப்பு வரை போக முயன்றால் அதற்கு முன் தோல் போய்விடும்.

#15 மரு_இருந்தவன்

நான் தோல் டாக்டர் இல்லை, நோயாளி. புறங்கையில் மரு வந்ததற்குத் திரவ நைட்ரஜன் தெளித்தார்கள், மைனஸ் 196 டிகிரி. மரு போய்விட்டது. அந்த இடம் நாலு வருடமாக வெள்ளையாக இருக்கிறது. குளிரில் முதலில் சாவது தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள்தான் என்று அப்போது சொன்னார்கள். வெளிநாட்டில் மாட்டுக்குக் குளிரச்செய்த இரும்பால் சூடு போடுவார்களாம். அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைத்து அடையாளமாக நிற்கும்.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. வீட்டு ஐஸ் அந்த அளவு போகாது. ஆனால் நம் நிறத்தில் தோல் எதனால் புண்ணானாலும், ஆறும்போது கருப்பையோ வெளுப்பையோ விட்டுவிட்டுத்தான் ஆறுகிறது. வெள்ளைத் தோல்காரர்கள் வீடியோவில் தேய்த்துவிட்டுச் சிவந்து போய்ச் சிரிப்பார்கள், மறுநாள் தடம் இருக்காது.

#16 மருந்துக்கடை_மாப்பிள்ளை

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு படித்தேன். எல்லோரும் கன்னத்துக் கருப்பையே பேசுகிறீர்கள். அது ஐஸ் சுட்டது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னை உறுத்துவது வெண்ணிலா போகிறபோக்கில் எழுதிய இரண்டாவது விஷயம். மதியம் முகம் முழுக்கக் குப்பென்று சிவந்து எரிகிறது, ஐஸ் வைத்தால்தான் அடங்குகிறது என்றது.

தங்கச்சி, ராத்திரி முகத்துக்கு ஏதாவது கிரீம் போடுகிறீர்களா? மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கினது? ட்யூபில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அப்படியே இங்கே எழுதுங்கள்.

#17 வெண்ணிலா_வேலூர்

அண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சித்தி பெண் சொல்லி ஐந்து மாதமாக ஒரு கிரீம் போட்டேன். நிறம் நன்றாகவே வந்தது. மேக்கப் போடுகிறவர் கல்யாணத்துக்கு முன் எல்லா கிரீமையும் நிறுத்திவிடு என்றதால் மூன்று வாரம் முன்பு விட்டுவிட்டேன். காலி ட்யூப் குப்பையில் இல்லை, நல்லவேளை. போட்டிருப்பது: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்.

அது சாதாரண நைட் கிரீம் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் முதலில் எழுதவில்லை.

#18 மருந்துக்கடை_மாப்பிள்ளை

நினைத்தேன். மொமெட்டசோன் ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த இந்தக் கலவை மங்குக்குத் தோல் மருத்துவர்கள் சில வாரத்துக்கு மட்டும் எழுதிக்கொடுக்கிற மருந்து. அது எப்படியோ நாடு முழுக்க வெள்ளைத் தோல் கிரீமாகிவிட்டது. மாதக்கணக்கில் போட்டால் முகத்தோல் மெலியும், நுண் ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்தினால் முகம் பழிவாங்கும்: சிவப்பு, எரிச்சல், வெயில் பட்டால் தாங்காது. மறுபடி போட்டால் அடங்கும். அதனால் ஜனங்கள் மறுபடி வாங்குவார்கள். நீங்கள் வாங்கவில்லை, அதற்குப் பதில் ஐஸ் வைத்திருக்கிறீர்கள்.

இதற்குத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று. அவர்கள் சங்கம் வருடக்கணக்கில் கத்தி, 2018-இல் பூசுகிற ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். என் கடைக்கு இன்றைக்கும் ஒரு நாளைக்கு நாலு பேர் காலி ட்யூபைக் காட்டிக் கேட்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். என் தொழில்காரர்களைப் பற்றி நானே வேறென்ன சொல்ல?

ஐஸ் இங்கே மரத்துப்போகத்தான் வைத்தது. எரிச்சல் எதனால் என்று உங்களை யோசிக்கவே விடவில்லை. மெலிந்த தோல் என்பதால் குளிரும் சீக்கிரம் சுட்டிருக்கிறது. நாளைக்கே தோல் டாக்டரிடம் போங்கள், ட்யூபையும் கையோடு கொண்டுபோங்கள். அதுவரை ஐஸ் வேண்டாம், எரிந்தால் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். பழைய கிரீமையும் நீங்களாக மறுபடி தொடாதீர்கள்.

#19 கற்றாழைக்_கண்ணம்மா

நான் இப்போது எழுந்து போய் என் அலமாரியைத் திறந்து ட்யூபைப் படித்துவிட்டு வந்தேன். என்னுடையதில் இல்லை. என் மருமகளுடையதில் பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறது, அதுவும் ஸ்டீராய்டுதான். அவள் ஆபீஸிலிருந்து வரட்டும்.

#20 பார்லர்_அக்கா_மதுரை

வெண்ணிலா, இதை என்னிடம் வரும் பெண்களிடமும் கேட்காமல் விட்டிருக்கிறேன், இனிமேல் கேட்பேன். முகம் தக்காளி மாதிரி வந்து நிற்கும், நான் ஐஸ் வைத்து அடக்கி மேக்கப் போட்டு அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேருக்கோ.

#21 வெண்ணிலா_வேலூர்

டாக்டரைப் பார்த்துவிட்டேன். மூன்று மணி நேரம் காத்திருந்து ஏழு நிமிடம் பார்த்தார். மருந்துக்கடை அண்ணன் சொன்னதையே சொன்னார், கொஞ்சம் திட்டோடு. கருப்பு இடம் குளிரால் சுட்ட புண் ஆறின தடம், மங்க மாதங்கள் ஆகும், கல்யாணத்துக்குள் போகாது. சன்ஸ்கிரீன் தினமும், வீட்டுக்குள் இருந்தாலும். சிவப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார். பெயரை இங்கே போடவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். முதல் சில நாள் அதுவே எரியும் என்றும், ட்யூபை ஃப்ரிட்ஜில் வைத்துப் பூசினால் எரிச்சல் குறையும் என்றும் சொன்னார். கீழ்த்தட்டில், ஃப்ரீசரில் இல்லை என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

அழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதனால் காலையில் கண் உப்பியிருக்கும். தெரியும், துணியில் சுற்றி, ஒன்றரை நிமிடம், கண்ணைச் சுற்றி மட்டும்.

#22 டொராண்டோ_தவம்

அழாதேங்கோ பிள்ளை. கலியாணப் படத்தில் ஆர் கன்னத்தைப் பார்க்கினம், எல்லாரும் சங்கிலியைத்தான் பார்ப்பினம்.

#23 வெண்ணிலா_வேலூர்

மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறேன். கல்யாணம் நடந்தது. மதுரை அக்கா வேலூர் வரை வரவில்லை, ஆனால் ஃபோனில் எங்கள் ஊர் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார்: கருப்பின் மேல் முதலில் ஆரஞ்சு கரெக்டர், அப்புறம் ஃபவுண்டேஷன். ஆல்பத்தில் தடம் தெரியவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் தெரிகிறது.

மதிய எரிச்சல் ஆறாவது வாரத்தில் குறைந்தது, இப்போது வெயிலில் போனால் மட்டும். கருப்பு பாதி மங்கியிருக்கிறது. நிறம் கிரீம் போடுவதற்கு முன்பு இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது, அது என் நிறம்தானே என்று விட்டுவிட்டேன். ஐஸ் ட்ரேயில் அம்மா இப்போது புளிக்கரைசல் உறையவைக்கிறார்.

#24 புதுவரவு_பிரியா

ஹாய் ஃப்ரெண்ட்ஸ், இழை ரொம்ப நீளம், முழுசாகப் படிக்கவில்லை. எலுமிச்சை ஐஸ் எத்தனை நாள் போட்டால் நிறம் வரும்?

#25 கற்றாழைக்_கண்ணம்மா

எலுமிச்சையைச் சொன்னவள் நான்தான், நானே சொல்கிறேன், வேண்டாம்மா. முதலிலிருந்து படி. அதற்கு முன்னால், ராத்திரி முகத்துக்கு என்ன போடுகிறாய்?